ஐஸ் இல்லாத கரையில் ஐஸ் ஹாக்கி: குவாடா, இன்லைனா, தரை ஹாக்கியா?

கீழக்கரையிலும் தொண்டியிலும் பல வீடுகளில் வாப்பாவோ மாமாவோ வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்குப் போன பிள்ளை துபாய் மாலின் ஐஸ் தளத்தைப் பார்த்துவிட்டு வந்து ஸ்கேட்டிங் கேட்கும். கொஞ்ச நாளில் ஹாக்கியும் கேட்கும். கேட்கட்டும். 2025இல் அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அதில் பெரும்பாலோர் உறைந்த குளத்தில் பழகிய லடாக் பெண்கள். நம்மிடம் குளம் உறையாது. ஆனால் ஐஸில் ஏறுமுன் பழக வேண்டியதில் பெரும்பகுதியைச் சிமெண்டுத் தரையிலேயே பழகிவிடலாம்.

குவாட் என்பது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கேட். நான்கைந்து வயதுப் பிள்ளை இதில் சீக்கிரம் நிற்கும், பயம் தெளியும். ஐஸ் ஹாக்கிதான் குறி என்றால் இதில் நெடுநாள் விட வேண்டாம். குவாடின் நுனியில் ரப்பர் கட்டை இருக்கிறது. அதை ஊன்றி ஓட்டத்தை நிறுத்தப் பழகிய கால், ஹாக்கி ஐஸ் ஷூவிலும் நுனியைத்தான் தேடும். அங்கே பிளேடின் முனை வளைந்திருக்கும், ஊன்ற ஒன்றுமில்லை. பிள்ளை முகம் குப்புற விழும். இன்னொன்று, நான்கு சக்கரமும் தரையில் பரவி நிற்பதால் பாதத்தின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்ற உணர்வே வராது. ஐஸில் திரும்புவது முழுக்க அந்த விளிம்பில்தான்.

ஆறு, ஏழு வயது ஆகிவிட்டால் நேரே இன்லைன் ஸ்கேட் வாங்குங்கள். சக்கரங்கள் பிளேடு போலவே ஒரே வரிசையில் இருப்பதால் உந்துவதும் காலை மாற்றிப் போட்டு வளைவதும் அப்படியே ஐஸுக்குப் போகும். கணுக்கால் உள்பக்கம் சாய்கிறதா? பிள்ளையைத் திட்டாதீர்கள், அநேகமாக ஷூ பெரிது. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று வாங்குவதால் வரும் கோளாறு அது. காலுறை போட்டு, குதிகாலைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி நிற்கும்போது விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். வளரும் காலுக்கு, பொத்தானை அழுத்தி நீட்டும் வகை இருக்கிறது. சக்கரத்தின் கடினத்தை 78ஏ, 82ஏ என்று எண்ணில் குறிப்பார்கள்; எண் கூடினால் கடினம் கூடும். சொரசொரப்பான சிமெண்டுக்கு 78ஏ முதல் 82ஏ வரை மென்மையான சக்கரம் சரி. அதைவிடக் கடினமானது தடதடத்துக் காலை உதறும்.

நம் கரைக்கே உரிய எதிரி உப்பும் மணலும். ஒரு ஜோடியில் நான்கு நான்கு சக்கரம் என்றால் மொத்தம் பதினாறு பேரிங், அளவு 608. பாம்பன், மண்டபம் பக்கம் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மைதானத்தில் மெல்லிய மணல் படியும். பெருக்கிவிட்டுத்தான் சக்கரத்தை உருட்ட வேண்டும். ஒரு சக்கரம் மணலில் இறுகினாலே பிள்ளை முன்னால் பறக்கும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரில் கழுவினால் பேரிங்கின் உள்ளே இருக்கும் உருண்டைகள் துருப்பிடிக்கும். கறகறவென்று சத்தம் வந்தால் பேரிங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, பெரியவர்கள் வெளியே வைத்து மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் வாரம் சிமெண்டுத் தரைக்கே போக வேண்டாம். வழுக்காத தடித்த ரப்பர் விரிப்பில் நிற்க, உட்கார்ந்து எழ, வாத்து நடை நடக்கப் பழகட்டும். பிறகு விழக் கற்றுக்கொடுங்கள்: முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்பின் சதையில். ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு நான்கும் கட்டாயம். சிமெண்டில் கையை ஊன்றி விழுவதுதான் எலும்பை முறிக்கும். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். அதன் பிறகு தரை சுடும்.

தரை ஹாக்கிக்குச் சக்கரம் தேவையில்லை, செலவும் குறைவு. கோவில்பட்டி நம் பக்கத்து மாவட்டத்து ஹாக்கி ஊர். சொல்லித்தர ஆள் தேடினால் அந்தத் திசையில் கிடைப்பார்கள். தலை நிமிர்த்தி ஆடுவது, இடம் பார்த்துத் தட்டுவது, இரண்டும் ஐஸுக்கு உதவும். மட்டை வேறு: தரை ஹாக்கியில் தட்டைப் பக்கத்தால் மட்டுமே அடிக்கலாம், ஐஸில் இரண்டு பக்கமும் ஆகும். தரை ஹாக்கியில் இடது கை மேலே, வலது கை கீழே பிடித்துப் பழகிய பிள்ளைக்கு ஐஸ் மட்டை வாங்கினால் வலக்கை ஆட்டத்துக்கானதைக் கேளுங்கள். ஸ்கேட் போட்டு நிற்கையில் உயரம் தாடை வரை.

ஆக, இன்லைனும் தரை ஹாக்கியும் சேர்ந்தே நடக்கட்டும். குவாட் சின்னப் பிள்ளைக்கு மட்டும்.

இன்லைன் சொல்லித்தராதது ஒன்றுதான்: ஐஸில் ஓட்டத்தை நிறுத்துவது. சக்கரத்தில் குதிகால் பிரேக்கை அழுத்துவோம். ஐஸில் அப்படிச் செய்தால் பிள்ளை மல்லாந்து விழும். அதனால் ஐஸில் கிடைக்கும் முதல் மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தை வெளியே தள்ளி ஐஸைச் சுரண்டட்டும். வெள்ளைத் தூள் பறந்தால் சரியாக வருகிறது என்று அர்த்தம். தூள் வராமல் வழுக்கிக்கொண்டே போனால் வாடகை பிளேடு மழுங்கியிருக்கலாம். கவுண்டரில் கொடுத்துத் தீட்டித் தரச் சொல்லுங்கள்.