செகண்ட் ஹேண்ட் நைட்ரோ இன்ஜின்: டெம்பரேச்சர் கன்னை நம்புவதா, புகையை நம்புவதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய நைட்ரோ ரிமோட் டிரக் இருக்கிறது, நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் பொம்மை வண்டி. .18 இன்ஜின், சுமார் 3 சி.சி. விற்றவர் 'ரன்னிங் கண்டிஷன்' என்றுதான் சொன்னார். முதல் மாதம் அது ஓடியதைவிட நான் ஸ்டார்ட்டர் கயிறு இழுத்ததுதான் அதிகம்.

டியூனிங்கில் இரண்டு கட்சி. ஒன்று, இன்ஃப்ராரெட் கன் வைத்து டிகிரி பார்க்கும் கட்சி. இன்னொன்று, புகையும் சத்தமும் போதும் என்கிற கட்சி. இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஃப்ளைவீல் சுற்ற முடியாதபடி இறுக வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் தேய்ந்துவிட்டது, எந்த நிடிலும் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அதைக் காப்பாற்றாது.

கன் கட்சிக்கு வருவோம். நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜின் தலையில் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைச் சுற்றிக் குறிபார்த்தால் 95 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. எண்ணாக வருவதால் புதியவருக்குத் தைரியம். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கன் குறைத்துத்தான் காட்டும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பிளக்கோடு சேர்த்து, சூட்டைக் காற்றில் விடும் ஃபின் தகடுகளையும் அளக்கும். என் வண்டியில் கிட்டப் பிடித்ததற்கும் தள்ளிப் பிடித்ததற்கும் அதே நிமிஷத்தில் 20 டிகிரி வித்தியாசம். இதைவிடப் பெரிய வம்பு, கம்ப்ரஷன் குறைந்த பழைய இன்ஜின் இயல்பாகவே சூடு குறைவாக ஓடும். '110 வரவில்லையே' என்று நிடிலை மூடிக்கொண்டே போனால் எண் வருவதற்குள் பிஸ்டன் ஓடும் ஸ்லீவ் போய்விடும்.

புகை கட்சிக்குக் காசு செலவில்லை. முழு த்ராட்டிலில் வண்டிக்குப் பின்னால் மெல்லிய நீலப் புகை தொடர வேண்டும். புகையே இல்லையா? உடனே நிறுத்தி ஹை ஸ்பீட் நிடிலை 1/8 சுற்று திறந்துவிடுங்கள். புகை மண்டி, இன்ஜின் திணறினால் ரிச், அதாவது கலவையில் எரிபொருள் அதிகம். எரிபொருள் வீணாகும், இன்ஜினுக்கு ஆபத்தில்லை. அது சரியான பிறகுதான் லோ ஸ்பீட் நிடில். ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் ஓடும்போது, கார்புரேட்டர் பக்கத்து எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பிடியுங்கள். சத்தம் லேசாக ஏறி 3, 4 விநாடியில் அணைந்தால் சரி. கிள்ளியதும் பொட்டென்று நின்றால் லீன் (எரிபொருள் குறைவு), விடாமல் கத்தினால் ரிச். ஒவ்வொரு முறையும் 1/8 சுற்றுதான். பிறகு இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டுத்தான் அடுத்தது.

நம்ம ஏரியாவில் ஆர்எக்ஸ் 100 பைக் டியூன் பண்ணிய கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் ரிச். இங்கே எரிபொருள் நிடில், உள்ளே திருகினால் லீன். பழக்க தோஷத்தில் நானே தலைகீழாகத் திருகியிருக்கிறேன்.

மே மாத வெயிலில் இன்ஜின் கொதிக்கிறதே என்று ரிச் பண்ணத் தோன்றும். ஆனால் சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் கலவை தானாகவே ரிச் பக்கம் போகும். டிசம்பர் காலையில்தான் கொஞ்சம் திறக்க வேண்டும். இதைக் கன் சொல்லாது, புகை சொல்லும்.

எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்த அதே விஷம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வெயிலில் அது எரிந்தால் தீயே கண்ணுக்குத் தெரியாது. மூடியை இறுக்காவிட்டால் கடற்கரை ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், பிறகு எந்த டியூனும் நிற்காது.

என் ஓட்டு புகைக்கு. கன் இருக்கட்டும், 130-ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்லும் காவலாளியாக. புதிதாகப் பிஸ்டன் செட் மாற்றிய இன்ஜின் என்றால் கன்னின் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்புண்டு.

என் வண்டியின் ஐடில் மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அலைந்தது. இன்ஜினைக் கழற்றி, துவாரங்களை அடைத்து, சிரிஞ்சால் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். கார்புரேட்டர் அடியில் வரிசையாகக் குமிழி. வெடித்துப்போன ஒரு ஓ-ரிங், காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். அதை மாற்றி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான், மாதக்கணக்கில் நான் திருகியதெல்லாம் வெறும் காற்றோடு என்று புரிந்தது.