சிறிய நாய் எத்தனை முறை ஈனலாம்: ஒவ்வொரு பருவத்திலுமா, ஆண்டுக்கு ஒரு முறையா, ஒரே ஒரு முறையா?

வீட்டில் ஒரு பெண் ஸ்பிட்ஸோ பொமரேனியனோ இருந்து, தலையீற்றுக் குட்டிகள் நல்லபடியாகக் கைமாறிவிட்டால், அடுத்து எப்போது இணை சேர்ப்பது என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடும். கேட்கும் ஆளைப் பொறுத்து நான்கு விதமான விடைகள் கிடைக்கும். பருவத்துக்கு வரும்போதெல்லாம் சேர்க்கலாம், ஒன்றும் ஆகாது என்பார் ஒருவர். ஒரு பருவம் விட்டு ஒரு பருவம், அதாவது ஆண்டுக்கு ஒரு முறை என்பார் மற்றொருவர். இளமையிலேயே அடுத்தடுத்து இரண்டு ஈற்று எடுத்துவிட்டுச் சீக்கிரம் கருத்தடை செய்துவிட வேண்டும் என்று, மேலைநாட்டு இனப்பெருக்க மருத்துவர்கள் சிலரைச் சான்றாகக் காட்டுவார் மூன்றாமவர். ஒரு முறை போதும், அதுகூட வேண்டாம் என்பது நான்காவது தரப்பு. என் முடிவு இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் அந்த விடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சரியல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த நாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அவற்றின் எடை ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருக்கும். அசல் பொமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டுவதே அரிது, சிவாவாவும் அப்படித்தான். இந்த வேறுபாடு பெயர்ச் சண்டை மட்டுமன்று. எடை குறையக் குறைய, ஒவ்வொரு ஈற்றுக்கும் தாய் கொடுக்கும் விலை கூடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய இனங்களில் பெண் நாய் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. சில நாய்களுக்கு ஐந்து மாதத்திலேயே வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள், அதாவது ஒன்பது வாரங்கள். அதன் பின் குட்டிகள் பால் மறக்க ஆறிலிருந்து எட்டு வாரங்கள் ஆகும். இணை சேர்ந்த நாளிலிருந்து குட்டிகள் பால் மறக்கும் நாள் வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் போய்விடுகின்றன. ஏழு மாத இடைவெளி உள்ள நாய்க்கு, இழந்த சதையையும் சத்தையும் மீட்டுக்கொள்ள மூன்று மாதம் மிஞ்சும். ஐந்து மாத இடைவெளி உள்ள நாய்க்கு மிஞ்சுவது ஒரே மாதம். ஈன்ற பிறகு கருப்பையின் உட்சுவர் பழைய நிலைக்குத் திரும்பவே பன்னிரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், 'ஒவ்வொரு பருவத்திலும்' என்ற முதல் விடை சில நாய்களுக்குக் காலக்கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. தெருநாய்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலக் கடைசியில் இணை சேர்கின்றன. மார்கழி மாதத்து நாயை வைத்துச் சொலவடையே உண்டு. ஆண்டுக்கு இரண்டு பருவம் என்பது வீட்டுக்குள் நேரத்துக்குச் சோறு கிடைக்கும் நாய்களிடம்தான் சீராகத் தென்படுகிறது.

ஆண்டுக்கு ஒன்று என்பவர்கள் சொல்லும் வழக்கமான காரணம், கருப்பைக்கு ஓய்வு வேண்டும் என்பது. மனிதர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் காரணம் இது. நாயின் உடல் வேறு மாதிரி இயங்குகிறது. பருவம் முடிந்ததும், சினைப்பட்டாலும் படாவிட்டாலும், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு உயர்ந்தே இருக்கும். ஆகையால் இணை சேர்க்காமல் விட்ட பருவத்திலும் கருப்பை ஓய்வெடுப்பதில்லை. சினைக்காகத் தடித்து, ஒன்றும் தங்காமல் திரும்புகிறது. இப்படிப் பல பருவங்கள் கடந்தால் உட்சுவரில் நீர்ப்பைகள் தோன்றி, கடைசியில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் பையோமெட்ரா வரை போகலாம். ஸ்வீடனில் செல்லப்பிராணிக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வருவதாகக் காட்டியது. விட்ட பருவங்களில் பொய்ச்சினையும் வரும்; குட்டியே இல்லாமல் மடி கனத்து, ஒரு பொம்மையைக் கவ்விக்கொண்டு மூலையில் படுத்திருக்கும் நாயைப் பலர் பார்த்திருப்பார்கள்.

எனவே மூன்றாம் தரப்பின் வாதத்தில் சரக்கு இருக்கிறது. நாய் நல்ல எடையில் இருந்தால் இளமையில் அடுத்தடுத்து ஈனவிட்டு, ஐந்தாறு வயதுக்குள் கருப்பையை எடுத்துவிடுவது, எட்டு வயது வரை பருவம் விட்டுப் பருவம் இழுத்துக்கொண்டு போவதை விடக் கருப்பைக்கு நல்லது. இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு, தகுந்த மருத்துவரின் கண்காணிப்பில், இதை நான் மறுக்க மாட்டேன்.

சிறிய நாய்க்கு மட்டும் அது ஏன் பொருந்தவில்லை என்றால், அங்கே முதலில் கைவிடும் உறுப்பு கருப்பை அல்ல. முப்பது கிலோ லாப்ரடாரின் குட்டி பிறக்கும்போது நானூறு, நானூற்றைம்பது கிராம் இருக்கும்; தாயின் எடையில் அது ஒன்றரை விழுக்காடு. மூன்று கிலோ பொமரேனியனின் குட்டி நூற்றைம்பது கிராம் இருந்தாலே அது ஐந்து விழுக்காடு. அப்படிப்பட்ட மூன்று குட்டிகளைச் சுமந்து, ஈன்று, பிறகு மூன்றாம் நான்காம் வாரங்களில் வழக்கமான தீனியைப் போல் மூன்று மடங்கு தேவைப்படும் அளவுக்குப் பால் சுரக்க வேண்டியது, கோழியை விடச் சற்றே பெரிய ஓர் உடல். வயிறும் சிறியது என்பதால், அந்த மூன்று மடங்கை ஒரே வேளையில் தின்றுவிடவும் அதனால் முடியாது.

எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் இரண்டாம் முறை ஈன்ற பதினெட்டாம் நாள் இரவில் இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் ஈற்றுக்கும் இதற்கும் இடையில் ஏழு மாதம்தான் விட்டிருந்தோம். அந்தத் தவறு எங்களுடையது. மாலையில் குட்டிகளை விட்டு எழுந்து வந்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றியது. வெயில் என்று நினைத்து மின்விசிறியைப் போட்டோம். இரவு பத்து மணிக்குப் பின்னங்கால்கள் விறைத்து, மரக்கால் கட்டியதுபோல நடந்தது. காதோரத் தசை துடித்தது. பிறகு பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களையும் நீட்டிவிட்டது. மருத்துவமனையில் காய்ச்சல் 106 டிகிரிக்கு மேல் இருந்தது. மருத்துவர் ஒரு கையால் கால்சியம் குளூக்கோனேட்டை நரம்பில் மிக மெதுவாகச் செலுத்தியபடி, மறு கையால் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் வைத்திருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றார். சில நிமிடங்களில் கால்கள் தளர்ந்தன, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மாடு வளர்ப்பவர்கள் பால் காய்ச்சல் என்று சொல்லும் அதே கால்சியக் குறைவுதான் இது. மாட்டுக்கு உடல் குளிர்ந்துபோகும். நாய்க்கு நடுக்கத்தில் உடல் கொதிக்கும்.

இந்தக் குறைவு பெரும்பாலும் ஈன்ற முதல் நான்கு வாரங்களுக்குள், சிறிய இனத் தாய்களைத்தான் தாக்குகிறது. ஒரு ஈற்றில் வந்தது அடுத்த ஈற்றிலும் வரும் வாய்ப்பு மிகுதி. இதற்கு அஞ்சிச் சினைக்காலத்திலேயே கால்சியம் மாத்திரையும் டானிக்கும் கொடுப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அது நேர்மாறான விளைவையே தருகிறது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிவிடுகிறது. ஈன்ற பின் தேவை திடீரென ஏறும்போது அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மருத்துவர் சொன்னால் ஈன்ற பிறகு கொடுக்கலாம்; அதற்கு முன் நாய்க்குட்டிகளுக்கான நல்ல தீனியே போதும். ஆகவே அடுத்தடுத்த ஈற்று என்ற யோசனை, மூன்று கிலோ நாயிடம் கருப்பைக்கு ஏதோ லாபத்தைக் கொடுத்து, அதை விடப் பெரிய நட்டத்தை எலும்பிலும் தசையிலும் எழுதிவிடுகிறது.

பிரசவம் இன்னொரு கணக்கு. சிவாவாவும் பொமரேனியனும் சில ஈற்றுகளில் ஒரே ஒரு குட்டிதான் போடும். அந்த ஒற்றைக் குட்டி வயிற்றில் பெருத்து இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும். பக் நாயின் குட்டிக்குத் தலை பெரிது. அறுவை செய்து குட்டி எடுக்கப்பட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. வடுவுள்ள கருப்பைக்கு அடுத்த பருவத்திலேயே சினை என்பதை எந்தத் தரப்பினரும் நியாயப்படுத்த முடியாது. என்னைப் பொறுத்தவரை முதல் அறுவைக்குப் பின் ஓராண்டு இடைவெளி, அதுவும் குட்டி ஏன் சிக்கியது என்று தெரிந்த பிறகுதான். இரண்டாம் அறுவையோடு முற்றுப்புள்ளி. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டின் உரிம விதிகளும், உரிமம் பெற்ற வளர்ப்பாளர் இரண்டு முறை அறுவை கண்ட பெண் நாயை மறுபடி சேர்ப்பதைத் தடுக்கின்றன.

சட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் விடைக்கே ஆதரவு தெரிகிறது. இந்தியாவில் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, வளர்ப்பாளர் பதினெட்டு மாதம் நிறையாத நாயைச் சேர்க்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு பருவங்களில் ஈனவிடக் கூடாது. ஐந்து ஈற்றைக் கடந்ததையோ எட்டு வயதைத் தாண்டியதையோ பயன்படுத்தக் கூடாது. இங்கிலாந்து விதிகள் பன்னிரண்டு மாதத்துக்குள் ஓர் ஈற்று, வாழ்நாளில் ஆறு என்று நிற்கின்றன. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுக் கென்னல் கிளப்போ ஒரு தாயின் நான்கு ஈற்றுகளுக்கு மேல் பதிவு செய்வதில்லை. இவை எல்லா அளவு நாய்களுக்கும் பொதுவாக எழுதப்பட்ட உச்சவரம்புகள். ஐந்து என்று விதியில் இருப்பதால் மூன்று கிலோ நாயிடம் ஐந்தையும் வாங்கிவிடலாம் என்று படிப்பது, பேருந்தில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையை ஆட்டோவுக்கும் பொருத்துவது போன்றது.

ஆண்டுக்கு ஒன்று என்பதற்கும் குறைகள் உண்டு. விட்ட பருவத்தில் மூன்று வாரம் நாயைக் கட்டிக்காக்க வேண்டும். மாடியில் துணி காயப்போடத் திறந்த கதவு போதும், தெருவில் காத்திருக்கும் ஆண் நாய்க்கு. ரத்தம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று பலர் ஒன்பதாம் பத்தாம் நாளில் காவலைத் தளர்த்துகிறார்கள். உண்மையில் நாய் இணைக்கு இசையத் தொடங்குவதே அப்போதுதான். ஆண்டுக்கு ஒன்று என்று தள்ளிக்கொண்டே போய் ஏழு வயதிலும் குட்டி எடுப்பது இதைவிடப் பெரிய குறை. வயது ஏற ஏறக் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்து, பிரசவச் சிக்கலும் செத்துப் பிறப்பதும் கூடுகின்றன. இந்த இடத்தில் மூன்றாம் தரப்பிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும்: சீக்கிரம் முடித்துவிட்டுக் கருத்தடை செய்வது.

ஒன்றே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு முறையாவது ஈன்றால்தான் பெண் நாய்க்கு உடம்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையால் அதைச் செய்வதாக இருந்தால், அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. குட்டிகளுக்கு முன்கூட்டியே நல்ல வீடுகள் உறுதியாகவில்லை என்றால், ஒன்றும் வேண்டாம் என்பதே மேல்.

ஆகவே மூன்று முதல் ஏழு கிலோ வரையுள்ள, ஒவ்வொரு முறையும் இயல்பாக ஈன்ற நாய்க்கு நான் போடும் கணக்கு இது. முழங்கால் சில்லு விலகல் போன்ற பரம்பரைக் குறைகள் வெளிப்பட ஒரு வயதாவது நிறைய வேண்டும் என்பதால், தொடக்கம் பதினெட்டு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். பிறகு ஆண்டுக்கு ஒன்று. மொத்தம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஐந்து வயதுக்குள் கடைசி ஈற்றை முடித்து, மடி வற்றியதும் கருத்தடை. மூன்று கிலோவுக்குக் கீழே இருப்பவற்றைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஒரு முறை கால்சியம் குறைந்து விழுந்த நாய்க்கு மேற்சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

நாள்காட்டியை விட எடை இயந்திரம் நம்பகமானது. இணை சேர்க்கும் முன் இருந்த எடையைக் குறித்துக்கொண்டு, குட்டிகள் பால் மறந்த அன்று மறுபடி நிறுத்துப் பார்த்தால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. குறைந்தது முழுவதும் திரும்பி, முடி கொட்டியது வளர்ந்து நிறைந்த பிறகுதான் அடுத்த ஈற்றைப் பற்றிப் பேசவே வேண்டும். எங்கள் நாயின் குறிப்பேட்டில் இரண்டாம் ஈற்றுக்கு முன் 5.8 என்றும் பால் மறந்த அன்று 4.9 என்றும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் இணை சேர்த்த தேதி எதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கருத்தடை செய்த நாளும், அன்றைய எடை 5.6 என்பதும் மட்டும் எழுதியிருக்கின்றன.