உறுதிமொழிப் பலகை: குமரி மாவட்டக் கடைகளில் கிடைப்பதில் எது தேறும்?

பள்ளியில் தினமும் காலைக் கூட்டத்தில் சொல்லும் ‘இந்தியா எனது நாடு’ உறுதிமொழியை எழுதிய பலகை வேண்டும் என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து விளம்பரப் பலகைக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் நாலு வகை காட்டுவார்கள். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ், சன்போர்டு என்னும் நுரை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர், ஏ.சி.பி. என்னும் அலுமினியக் கூட்டுத் தகட்டில் ஒட்டிய வினைல், ஆள் வந்து பெயின்டில் எழுதும் சுவர் எழுத்து. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடலோரப் பள்ளிக்கு ஏ.சி.பி.; ஓதம் (ஈரக்கசிவு) ஏறாத சுவர் இருந்தால் சுவர் எழுத்து. சன்போர்டு வகுப்பறைக்குள் மட்டும். ஃபிளெக்ஸ் ஒரு ஆண்டு விழாவைத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வகை என்பதைவிடப் பெரிய கேள்வி, பலகை யாருக்கு என்பது. வழக்கமாக மேடைக்குப் பின்சுவரில், பிள்ளைகளைப் பார்த்து மாட்டுகிறார்கள். ஆனால் தினமும் சொல்லிச் சொல்லி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே உறுதிமொழி மனப்பாடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. மைக் முன்னால் நின்று சொல்லிக் கொடுப்பவருக்கோ பலகை முதுகுப் பக்கம். உண்மையில் தேவைப்படுவது வரிசைக்குப் பின்னால் நிற்கும் சாருமாருக்கும் டீச்சர்மாருக்கும்தான். ‘இந்தியா எனது நாடு’ வரை குரல் கேட்கும், ‘பன்முக மரபு’ வரும்போது உதடு மட்டும் அசையும். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து மேடைச் சுவர் ஐம்பது, அறுபது அடி. எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால் பத்தடியிலிருந்து வசதியாக வாசிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் பொதுக்கணக்கு. அறுபதடிக்கு ஆறு அங்குல எழுத்து வேண்டும். அந்த அளவில் முழு உறுதிமொழியையும் எழுதினால் பலகை பள்ளிக்கூட மாடி வரை போகும்.

ஆகவே மேடைப் பலகையைப் பெரிதாக்கப் பணம் போடாமல், ஆசிரியர்கள் நிற்கும் பக்கத்து வராந்தாச் சுவரில் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் ஒன்றை மாட்டுவதே புத்திசாலித்தனம். மைக் மேசைக்குத் தனியாக ஏ3 தாளில் அச்சிட்டு லேமினேட் செய்த அட்டை ஒன்று போதும்.

அளவு: 3 அடி அகலம், 4 அடி உயரம், நின்ற வாக்கில். கடைக்காரர் படுத்த வாக்கில் 4க்கு 3 என்றுதான் எடுத்துக்கொள்வார். அதில் வரிகள் நீளமாகி, கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடும். உறுதிமொழியில் ஐம்பது சொல்லுக்குச் சற்று மேல். சொல்லும்போது மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடைத்தால் பதினாலு வரி வரும். தலைப்புக்கும் ஓரத்துக்கும் ஒன்பது அங்குலம் போக, வரிக்கு ஏறத்தாழ இரண்டேமுக்கால் அங்குலம். தமிழில் மேலே கொம்பும் கீழே சுழியும் வருவதால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே எழுத்தின் உடல் அமையும். ஒன்றேகால் அங்குலம் வைத்தால் பன்னிரண்டு அடிக்குக் கச்சிதம். ‘இந்நாட்டின் பழம்பெருமைக்காகவும்’ ஒரு வரி, ‘பன்முக மரபுச் சிறப்பிற்காகவும்’ அடுத்த வரி, ‘நான் பெருமிதம் அடைகிறேன்’ அதற்கடுத்தது. சொல்லிக் கொடுப்பவர் வரிக்கு வரி நிறுத்தினால் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதும் ஒன்றாக விழும். இந்தப் பிரிப்பைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிசைனரிடம் விட்டால் இரண்டு ஓரமும் சமமாக வரும்படி இழுத்துவிடுவார்.

பிழை புகுவது டிசைனில்தான். டிசைன் செய்யும் கோரல்டிரா மென்பொருளின் பழைய பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது என்று பாமினி போன்ற பழைய முறை எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்தில் ஒகர ஓகாரக் கொம்புகள் இடம் மாறும், ஒற்று காணாமல் போகும். ‘பெருமைக்குத் தகுந்து’, ‘மரபுச் சிறப்பு’ இரண்டிலும் ஒற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைப் படமாக மாற்றிவிடுவதால் அதற்குப் பிறகு திருத்தம் என்றால் மறுபடி முதலிலிருந்து. வாட்ஸ்அப்பில் வரும் சின்னப் படத்தைப் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். ஏ4 தாளில் அச்செடுத்து, பாடநூலின் முன்பக்கத்தோடு வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘நாட்டின் உரிமை வாழ்வையும் ஒருமைப்பாட்டையும்’ என்று தொடங்குவது தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழி. காலையில் தினமும் சொல்வது அதுவல்ல. பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மலையாள வழிப் பிரிவுக்குத் தனிப் பலகை செய்தால், அதன் அச்சுத்தாளை அந்தப் பிரிவு ஆசிரியரே பார்க்கட்டும். அடியில் இயற்றியவர் பெயர் போட விரும்பினால் அது பைடிமர்ரி வேங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தபோது 1962இல் தெலுங்கில் எழுதினார். 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுதும் பள்ளிகளில் சொல்லப்படுகிறது.

ஏ.சி.பி. என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து அழுத்தியது, 3 மி.மீ. போதும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உப்புக் காற்றில் தகட்டுக்கு முன்னால் ஆணிதான் போகும். சாதா இரும்பு ஸ்குரூ துருப்பிடித்து முகப்பில் செங்கோடு இறக்குவதோடு, அலுமினியத்தையும் ஓட்டையைச் சுற்றி அரிக்க வைக்கும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ கேளுங்கள், இல்லையென்று சொன்னால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி வைத்தால் மழைநீர் தேங்காது. மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறந்து சுவரோடு ஒட்டி அடிப்பவர்களே அதிகம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பில்லை, ஆனால் ஈரம் காயாமல் கரும்புள்ளி படரும். வினைலுக்கு மேல் லேமினேஷன் இருந்தால் துணியால் துடைத்துவிடலாம். லேமினேஷன் மேட் ஆகவே இருக்கட்டும். பளபளப்பானது போட்டு கிழக்குப் பார்த்து மாட்டினால், காலைக் கூட்ட நேரத்து வெயிலில் எழுத்தே தெரியாது.

சுவர் எழுத்தில் ஆணியே இல்லை, துருவுமில்லை. தூண் நிழலில், தாழ்வாரத்துக்குள் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும். ஆனால் ஓதம் ஏறிய சுவரில் எனாமல் பொருக்குப் பொருக்காக உதிரும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரைக் கவனித்துவிட்டு, பிரைமர் அடித்து, வெயில் காலத்தில் எழுதச் சொல்லுங்கள். சன்போர்டு நாலு மூலையில் மட்டும் அடித்தால் வெயிலில் நடுவில் புடைக்கும், அவ்வளவுதான்.

பலகை வந்ததும் சில பள்ளிகளில் ‘இனி ஆசிரியர்கள் எல்லாரும் சத்தமாகச் சொல்லியாக வேண்டும்’ என்று அறிவிப்பும் சேர்ந்து வருகிறது. அது தேவையற்ற வேலை. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடி, அரசமைப்பு, நாட்டுப்பண் பற்றிப் பேசுகிறது. உறுதிமொழி அதில் இல்லை. நாட்டுப்பண் விஷயத்திலேயே, கேரளத்தின் கோட்டயம் மாவட்டப் பள்ளியில் மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளை நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாசிக்கில் பள்ளிப் பிரார்த்தனையில் கைகூப்ப மறுத்த ஆசிரியர் பக்கம் 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நின்றது. அதோடு, ‘என்னுடைய பெற்றோர், ஆசிரியர்கள்’ என்று வரும் வரி மாணவர் வாய்க்கு எழுதியது. ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் தலைமையாசிரியர் அதைச் சொல்வதில் தவறில்லை, கட்டாயப்படுத்துவதில்தான் பொருளில்லை. சொல்லிக் கொடுக்கும் முறை யாருக்கோ அவர் பிழையில்லாமல் சொல்லட்டும், அல்லது மாணவரிடம் மைக்கைக் கொடுக்கட்டும். மற்றவர்கள் மரியாதையாக நின்றால் போதும். பார்வையில் பலகை இருந்தால் பாதிப் பேர் தாமாகவே சேர்ந்து சொல்வார்கள்.

ஆசிரியர்களும் கைநீட்டிச் சொல்லும் நாட்கள் வேறு. ஜனவரி 25 வாக்காளர் நாள், ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு, ஏப்ரல் 14 சமத்துவ நாள், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு, செப்டம்பர் 17 சமூக நீதி நாள், அக்டோபர் 31 ஒற்றுமை நாள், நவம்பர் 26 அரசமைப்பு நாள் என்று வரிசையாக வரும்; ஒவ்வொன்றுக்கும் வாசகம் வேறு, முந்தின நாள்தான் தேடுவார்கள். பலகை செய்யும்போதே அதன் கீழே ஏ3 தாள் செருகும் அலுமினியச் சட்டம் ஒன்றும் வைக்கச் சொன்னால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் முந்தின இரண்டு வாரம் கடைகளில் நெரிசல், பிழை பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஜூலையில் கொடுங்கள்.