மூடிய அறைப் பேச்சா, உலகறியும் குரலா?

வெளிநாட்டில் கைதான செய்தியாளரை மீட்க ஓர் அரசு ஓசையின்றிப் பேசலாம்; வெளிப்படையாக நெருக்கடியும் தரலாம். 2014 ஜூலையில் டெஹ்ரானில் கைதான வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேசன் ரெசாயனுக்கு ஈரானியக் குடியுரிமையும் இருந்தது சிக்கலாயிற்று. அவருடைய நாளிதழ் இடைவிடாது எழுதிவந்தது உண்மைதான். ஆயினும் அமெரிக்க, ஈரானிய அதிகாரிகள் இரகசியமாக நடத்திய பேச்சுதான், ஈரானின் அணுசக்தித் திட்டம் பற்றிய உடன்பாடு நடைமுறைக்கு வந்த 2016 ஜனவரி 16 அன்று கைதிகள் பரிமாற்றமாகக் கனிந்தது.

2023 மார்ச்சில் ரஷ்யாவின் யெகாடெரின்பர்க்கில் கைதான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் அமெரிக்க நிருபர் இவான் கெர்ஷ்கோவிச் விஷயத்தில் குரல் ஓங்கி ஒலித்தது. இரண்டே வாரங்களுக்குள் அமெரிக்கா அதைத் தவறான தடுப்புக்காவல் என அறிவித்தது. ஓராண்டு நிறைவன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அவரது செய்தி இருக்கவேண்டிய இடம் என்று கூறி முதல் பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாகவே அச்சிட்டது. இத்தகைய ஆரவாரம் கைதியின் விலையை ஏற்றிவிடும் என்னும் தூதர்களின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும் மறதியே பெரிய ஆபத்து என்பது என் எண்ணம். இங்கும் சிறைக்கதவைத் திறந்தது பேரம்தான்: பெர்லினில் நடந்த கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றிருந்த ரஷ்யர் வாடிம் கிராசிகோவை விடுவிக்க ஜெர்மனி இசைந்த பின்னரே, 2024 ஆகஸ்ட் 1 அன்று துருக்கியின் அங்காராவில் கெர்ஷ்கோவிச் உட்பட 24 கைதிகள் கைமாறினர்.