குழந்தை எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின்: வார்டுக்கு வாங்கலாமா?

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்து சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், குழிவான தட்டு வைத்த 20 கிலோ மெஷின் இது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை கிளினிக்குகளுக்குத் தாராளமாகப் போதும். 10 கிராம் வரை துல்லியம், துடைக்கவும் சுலபம். வாங்கலாம். ஆனால் ஒரு பட்டனைப் பார்த்து வாங்குங்கள்.

டேர் பட்டனை (தட்டில் விரித்த துணியின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்குவது) ஒட்டியே யூனிட் பட்டன் இருக்கிறது. கை தவறிப் பட்டால் கிலோ பவுண்டாகிவிடும். திரை ஓரத்தில் பொடி எழுத்தில்தான் தெரியும். 8 கிலோ குழந்தைக்கு 17.6 என்று வரும். அதைக் கிலோ என்று சார்ட்டில் எழுதினால் எல்லா மருந்தும் 2.2 மடங்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதியிருந்தால், 120 மி.கி. போக வேண்டிய இடத்தில் 264 மி.கி. போகும். கைக்குழந்தைக்கு 17 கிலோவா என்று யாருக்கும் உறைக்க வேண்டும்தான். நைட் டூட்டிக் கூட்டத்தில் உறைக்காது. யூனிட் பட்டன் அடிப்பக்கம் உள்ள மாடல் இருந்தால் அதையே கேளுங்கள். இல்லாவிட்டால் அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள்.

கூடவே, வாய்வழி மருந்து கொடுக்கும் 5 மி.லி. ஓரல் சிரிஞ்சும் வாங்குங்கள். அதன் முனை ஐ.வி. லைனில் (ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றும் குழாய்) பொருந்தாது, அதுவே பெரிய பாதுகாப்பு. அதே 120 மி.கி., 5 மி.லி.க்கு 125 மி.கி. சிரப்பில் 4.8 மி.லி.; 250 மி.கி. சிரப்பில் 2.4 மி.லி.; மி.லி.க்கு 100 மி.கி. டிராப்ஸில் வெறும் 1.2 மி.லி. சீட்டில் "4.8 மி.லி." என்று மட்டும் எழுதி அனுப்பி, வீட்டில் இருப்பது டிராப்ஸ் என்றால் குழந்தைக்கு 480 மி.கி. போய்விடும். மி.கி., மி.லி., பாட்டிலின் வீரியம் மூன்றையும் எழுதுங்கள், சிஸ்டர்.

மெஷினைக் கட்டில் மெத்தை மேல் வைக்காதீர்கள், சமதளத்தில் வையுங்கள். துணி விரித்து, டேர் அழுத்தி, பூஜ்யம் வந்தபின் குழந்தையைப் படுக்க வையுங்கள். நனைந்த டயப்பர் 200 கிராம் இருந்தால் 3 கிலோ பச்சைக்குழந்தைக்கு அது ஏறக்குறைய 7 சதவீதம். கழற்றிவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும். ஃபேன் காற்று நேராக அடித்தாலும் எண் நிற்காது.

காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை திறந்து துடையுங்கள்.

காசு கொடுக்கும் முன், கடையிலேயே முத்திரை குத்திய 5 கிலோ எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். 20 கிராமுக்கு மேல் மாறினால் வேறு பீஸ் கேளுங்கள்.