ஓடைத் தண்ணீரா, சோலாரா?

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மின்சாரம் எடுக்க எது சரி: ஓடைத் தண்ணீரில் சுழலும் சிறு டர்பைனா, சோலாரா?

மின்சாரம்: 20 மீட்டர் இறக்கத்தில் நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் வந்தால், பாதி வீணானாலும் ஏறக்குறைய 1 கிலோவாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 24 யூனிட். அதே 1 கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் நாலு யூனிட் தந்தாலே நல்லது.

செலவு: டர்பைனுக்குக் குழாயும் தடுப்பணையும். சோலாருக்கு பேட்டரி, சில வருடங்களில் மாற்றியே ஆகவேண்டும்.

பராமரிப்பு: இங்கேதான் டர்பைன் ஆள் கேட்கும். ஒரு பெருமழை போதும், குழாய்க்குள் தண்ணீர் புகும் வாய்மடை வலையில் செம்பனை ஓலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். யாராவது இறங்கி அள்ளவேண்டும். சோலாரைத் துடைத்தால் போதும்.

பத்து வீட்டு லயம், வற்றாத ஓடை, பொறுப்பான ஓர் ஆள் இருந்தால் டர்பைன்தான். ஆனால் தண்ணீரை வறண்ட மாதத்தில் அளந்து பாருங்கள். அப்போது ஓடை நூலாக இளைத்தால், அல்லது தனி வீடென்றால், சோலாரே போடுங்கள்.