ஐந்தா, எட்டா, மூங்கில் கழியா? குடமுருட்டிக் கரையில் மூன்று தூண்டில்கள்

நியூசிலாந்தில் வேலை பார்த்த அத்தான் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு ஃப்ளை ராடு, அதாவது இறகால் செய்த போலிப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கழி, கொண்டுவந்தார். ஒன்பது அடி நீளம். நான்கு துண்டாகக் கழற்றிக் குழாய்க்குள் போட்டுவிடலாம். கைப்பிடிக்கு மேலே 5 என்று எண். ட்ரவுட் மீனுக்காக முதல் ராடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவைத்தான் வாங்குவார்களாம். சரி, ட்ரவுட் வாழ 20 டிகிரிக்குக் கீழான குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நம் மாநிலத்தில் அதற்கு நீலகிரிக்குத்தான் போகவேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கொண்டுவந்து விட்டார்கள், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். எங்கள் குடமுருட்டியில் இருப்பது விரால், குரவை, கெளுத்தி, ஜிலேபி, கெண்டை. ஐந்தாம் எண்ணோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டினேன். அப்புறம் ஓர் எட்டாம் எண் வாங்கினேன். நடுநடுவே பழைய மூங்கில் கழிக்கும் திரும்பினேன்.

முதலில் இந்த எண் எதைச் சொல்கிறது? அந்த ராடு வீசவேண்டிய லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், எடையை. லைனின் முதல் 30 அடி, ஐந்தில் சுமார் 9 கிராம், எட்டில் சுமார் 13.5 கிராம். நம் தூண்டிலில் ஈயக்குண்டும் புழுவும் கனமாகப் போய் விழும், தங்கூஸ் அதன் பின்னாலேயே போகும். ஃப்ளை ராடில் எல்லாம் தலைகீழ். இறகும் முடியும் சுற்றிய முள்ளுக்கு எடை என்று ஒன்று கிடையாது. தடித்த லைன் காற்றில் நீண்டு போய் அதைத் தண்ணீரில் வைத்துவிட்டு வரவேண்டும். அதனால் எட்டாம் எண் ராடில் ஐந்தாம் எண் லைனைப் போட்டால் ராடு வளையாது, லைனும் போகாது. நான் போட்டுப் பார்த்தவன்.

லைன் முன்னால் போவதற்கு முன் முதுகுக்குப் பின்னால் அதே தூரம் நீண்டாக வேண்டும். கடிகார முள் கணக்கில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே ராடு போய்வரும். பின்னால் போன லைன் முழுக்க நீளும் வரை ஒரு கணம் பொறுக்கவேண்டும். நான் இதைக் களத்துமேட்டில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டிப் பழகினேன். வரப்போடு வந்த பெரியப்பா, "என்ன தம்பி, மாடே இல்லாம சாட்டையைச் சொடுக்குற?" என்றார். களம் வெட்டவெளி, அங்கே எல்லாம் சரியாக வந்தது. ஆற்றங்கரையில் பின்னால் நெய்வேலிக் காட்டாமணக்கு, அதற்குப் பின்னால் கருவேலம். முதல் நாள் நான் பிடித்ததெல்லாம் அவற்றைத்தான். லைனைப் பின்னால் அனுப்பாமல் தண்ணீரிலேயே உருட்டி எறிகிற வீச்சு ஒன்று உண்டு. அதில் தூரம் பாதிதான் கிடைக்கும், ஆனாலும் டெல்டாக் கரைக்கு அதுவே தோது. மூங்கில் கழிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, பின்னால் சுவரே இருந்தாலும் தக்கை போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

காற்றிலும் ஐந்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றுக்கு ஒன்பது கிராம் லைன் எம்மாத்திரம்? எதிர்க்காற்றில் ஐந்தின் லைன் என் தொப்பியிலேயே வந்து விழுந்தது, எட்டின் லைன் ஓரளவுக்குக் கிழித்துக்கொண்டு போனது. ஆனால் ஆடியில் இரண்டுமே வீண் என்பதுதான் என் முடிவு. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிப் புதுத்தண்ணீர் வரும்போது ஆறு காவி நிறம். கலங்கலில் இறகுப்பூச்சி மீனின் கண்ணுக்கே தெரியாது. அப்போது வாசனை பிடித்து வருகிற கெளுத்திக்கு மண்புழுவும் மூங்கிலும்தான். ஜனவரி 28 வாக்கில் அணையை மூடி, ஆறு வற்றி மடுக்கள் தெளிந்து நிற்கும் மாசி, பங்குனியில்தான் ஃப்ளை ராடை உறையிலிருந்து எடுக்கிறேன்.

அந்த மடுக்களில் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் ஐந்தாம் எண் இனிமை. உள்ளங்கை அகல மீன்கூட ராடை வில்லாக்கிவிடும். அதே மீன் எட்டில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. விரால் விஷயம் வேறு. அது காற்றைச் சுவாசிக்கிற மீன், அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகும். அப்போது தண்ணீரில் எழும் வளையத்துக்குப் பக்கத்தில் தவளை மாதிரி மிதக்கும் இறகுப்பூச்சியை வைத்து இழுத்தால் வெடிப்பதுபோல் அடிக்கும். (குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலை நான் தொடுவதில்லை. அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.) ட்ரவுட் கடித்தால் ராடை மெல்லத் தூக்குவார்கள். கெட்டி வாய் விராலுக்கு அது போதாது. ராடை மீனை நோக்கி நேராக வைத்து, இடது கையால் லைனைச் சுண்டி இழுத்தால்தான் முள் ஏறும். லைன் நுனியில் முள்ளைக் கட்டும் நரம்பும் ட்ரவுட்டுக்குக் கட்டுகிற, நாலைந்து பவுண்டு தாங்கும் மெல்லிசு கூடாது, இருபது பவுண்டாவது தாங்கவேண்டும். விராலுக்குப் பல் உண்டு, கடித்ததும் அது ஆகாயத்தாமரைக்குள் ஓடும்.

என் ஐந்தாம் எண் ஒடிந்தது அங்கேதான். தாமரைக்குள் போன விராலை, மூங்கில் கழியில் தூக்குவதுபோல் ராடை நெட்டுக்குத்தாக நிறுத்தி அப்படியே தூக்கினேன். பளு முழுக்க நுனிக்குப் போக, 'டப்' என்று ஒரு சத்தம். மீனும் போனது. மூங்கில் இதையெல்லாம் தாங்கும், அதுவும் கல்மூங்கில் என்றால் கேட்கவே வேண்டாம். ஒடிந்தாலும் அடுத்த கழி கொல்லையிலேயே கிடைக்கும். கிராஃபைட்டால் ஆன இந்த ராடுக்கு நுனித்துண்டு மட்டும் வாங்க அத்தானுக்குக் கடிதம் எழுதவேண்டியிருக்கிறது.

கிராஃபைட்டில் இன்னொரு ஆபத்து, அதில் மின்சாரம் பாயும். பம்புசெட்டுக்குப் போகிற கம்பி எங்கள் வயல்களில் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் கீழே ஒன்பது அடி ராடைத் தூக்குவது உயிரோடு விளையாட்டு. கண்ணாடி இழை ராடு மேல், கொஞ்சம் கனம், மெதுவாக வளையும், பழகுகிறவருக்கு அந்த நிதானமும் நல்லதுதான். ஆனால் நனைந்தால் எந்தக் கழியையும் நம்பமுடியாது. கம்பி தெரிந்தால் நான் வீசுவதில்லை.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் கொடுவாய் மீனுக்குப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், எட்டுதான். திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

அடுத்த முறை வரும்போது இன்னொரு ஐந்து கொண்டுவரட்டுமா என்று அத்தான் கேட்டார். ராடு வேண்டாம், எட்டாம் எண் மிதக்கும் லைன் ஒன்று போதும் என்றேன். அவர் வருவதற்குள், பின்னால் கருவேலம் இல்லாத ஒரு கரையைப் பார்த்து வைக்கவேண்டும்.